மறு: ‘பிரிஸ்க்’ என்பதற்குத் துவர்ப்பு போதுமா?

வணக்கம்.

தேயிலை சுவைப்பவர்கள் சொல்லும் ‘அஸ்ட்ரிஞ்சன்ட்’, ‘பிரிஸ்க்’ என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் ‘துவர்ப்பு’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். முதலாவதற்குச் சரி. இரண்டாவதற்குத்தான் மனம் ஒப்பவில்லை.

துவர் பழைய சொல். அறுசுவையில் ஒன்று என்பதோடு சிவப்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு. பவளம் துவர், துறவியின் காவி துவராடை. ‘அஸ்ட்ரிஞ்சன்ட்’டின் இலத்தீன் வேர் ‘இறுக்கிக் கட்டுதல்’ என்பதோடு நின்றுவிடுகிறது. நம் சொல்லில் நிறமும் சேர்ந்திருக்கிறது. தேயிலைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பச்சைக் கொழுந்தைக் கடித்தால் நாக்கை இழுக்கிற அதே சத்துதான், ரோதையில் (ஆலை இயந்திரத்தில்) அரைபட்டுக் காற்றுப் பட்டதும் சாயமாகச் சிவக்கிறது.

(யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘கயர்ப்பு’ வாழைக்காய்க்கு இருக்கட்டும். எங்கள் பக்கம் நான் கேட்டதில்லை.)

பிரிஸ்க் வேறு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல், அப்புறம் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புவார்கள். அந்த நொடியில் வாய்க்குள் ஒரு துள்ளல் ஓடினால் பிரிஸ்க்; இல்லாவிட்டால் சப்பை. கொழுந்தின் துவர்ப்புச் சத்து காற்றுப் பட்டு மாறி உண்டாகும் தியாஃபிளேவினும் கஃபீனும் கூடிச் செய்கிற வேலை அது. நல்ல சாயம், அதாவது வெறுந்தேநீர், ஆறும்போது பால் விடாமலே கலங்குமே, அதுவும் இந்தக் கூட்டுத்தான். சரியாகப் புளிக்காத தூளும் நாக்கை இழுக்கும், பச்சை வாடையும் அடிக்கும். அதை யாரும் பிரிஸ்க் என்பதில்லை.

என் அம்மாயி கொழுந்தெடுத்துவிட்டு வந்து, சீனியைக் கடித்தபடி ஒரு மடக்கு குடித்ததும், “இன்னைக்குச் சாயம் விறுவிறுன்னு ஏறுது” என்பார். ஆறினதை நீட்டினால் “செத்த தண்ணி” என்று வாசலில் ஊற்றிவிடுவார். ஆகவே என் ஓட்டு ‘விறுவிறுப்பு’க்கு. கதைக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விட்ட சொல் என்பீர்கள். போனால் என்ன, நாக்கு அதை இன்னும் விடவில்லையே.

‘விறுப்பு’ என்று குறுக்கலாம் என்றவருக்கு: அச்சுக்கோப்பவர் கை ஒரு எழுத்துத் தவறினால் தேயிலைப் பெட்டியில் ‘வெறுப்பு’ என்று வந்து நிற்கும். முழுச்சொல்லே இருக்கட்டும்.

அடுத்தது ‘பாடி’, வாயில் தேநீர் எவ்வளவு கனமாகப் படுகிறது என்பதற்கான சொல். தயவுசெய்து ‘உடல்’ என்று போட்டுவிடாதீர்கள். எங்களூரில் ‘கெட்டி’ என்போம்.