டீசல் கபின் குரூஸர்: முழு திரொட்டிலில கறுப்புப் புகை, விண்டரைஸ் செய்யிறதும் முதல் தடவை, உதவி தேவை

ஸ்காபரோ_போட்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம் 32 அடி கபின் குரூஸர் ஒண்டு செகண்ட் ஹாண்டா வாங்கினனான். ஒற்றை எஞ்சின், கம்மின்ஸ் 6பிடி 5.9, 210 குதிரைவலு, நேர் ஷாஃப்ட். போட் ஒன்ராரியோ வாவியில ஸ்காபரோ பக்கம் நிக்குது. இதுக்கு முதல் சின்ன அவுட்போர்ட் தான் வச்சிருந்தனான், அதால டீசல் எனக்குப் புதுசு.

ரெண்டு பிரச்சினை. ஒண்டு, முழு திரொட்டில் குடுத்தாலும் 2350 ஆர்பிஎம்முக்கு மேல ஏறுதில்லை, எஞ்சின் பிளேட்டில 2600 எண்டு போட்டிருக்கு. அந்த நேரம் பின்னால கறுப்புப் புகை, பின்பக்க வெள்ளைப் பெயின்ற் முழுக்க கரி. டொக்கில ஒருத்தர் சொல்லுறார் டீசல் பம்பில ஒரு ஸ்குரூ கிடக்கு, அதைக் கொஞ்சம் திருப்பி டீசலைக் கூட்டிவிட்டா ஏறும் எண்டு. செய்யலாமோ?

மற்றது விண்டரைஸ், அதாவது குளிரில உறைஞ்சு பழுதாகாமல் போட்டைத் தயார்ப்படுத்துறது. தாங்க்ஸ்கிவிங் முடிய தூக்கி கரையில வைக்கப் போறாங்கள். பக்கத்து ஸ்லிப்பில பெற்றோல் எஞ்சின் வச்சிருக்கிறவர் சொன்னார், எஞ்சினை நல்லா சூடாக்கி தெர்மோஸ்டாட் (சூடானா திறக்கிற வால்வ்) திறந்தாப் பிறகுதான் பிங்க் அன்ரிஃப்ரீஸ் (குளிரில உறைஞ்சு வெடிக்காமல் காக்கிற பிங்க் நிறத் திரவம்) குடுக்கோணும், இல்லாட்டி அது புளொக்குக்குள்ள போகாது, புளொக் வெடிச்சிடும் எண்டு. கரையில வச்சு அவ்வளவு நேரம் ஓட விடுறது எப்பிடி? டீசல் ராங்கியை நிரப்பி வைக்கிறதோ காலியா வைக்கிறதோ எண்டதும் ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுகினம். யார்ட்டில குடுத்தா செய்வாங்கள்தான், ஆனா இந்த எஞ்சினை நானே பழகோணும் எண்டு ஆசை.

தூத்துக்குடி_டீசல்:

ப்ரோ, முதல்ல அந்த ஸ்க்ரூல கை வைக்காதீங்க. கறுப்புப் புகைன்னா என்ன அர்த்தம், உள்ள வர்ற டீசலை எரிக்க காத்து பத்தலைன்னு அர்த்தம். இன்ஜின் ஏற்கனவே திணறிட்டு இருக்கு, அதுக்கு இன்னும் டீசலை ஊத்துனா எக்ஸாஸ்ட் சூடு ஏறும், டர்போவும் பிஸ்டனும் வால்வும் தான் அதுக்கு விலை கொடுக்கும். சீல் வச்ச பம்பை திருகி ஆர்பிஎம் வர வைக்கிறது டியூனிங்கே இல்ல.

நான் கப்பல் இன்ஜின் ரூம்ல இருந்தவன், இப்ப மிசிசாகால இருக்கேன். சின்ன போட்டுக்கும் லாஜிக் அதே தான். முக்கியமான விஷயம், இதெல்லாம் போட் தண்ணில இருக்கும்போதே பார்க்கணும். கரைக்கு ஏத்திட்டா லோடு கொடுத்து ஓட்ட முடியாது, அப்புறம் வசந்தம் வரைக்கும் யூகம் தான். அதனால தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் டீசலும் தண்ணியும் நிரப்பி, ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு வெளிய போய் முழு திரோட்டில்ல ஓட்டிப் பாருங்க. டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீங்க, பழைய போட்ல அது 100, 200 தப்பு காட்டுறது சகஜம். ஸ்டிக்கர் ஒட்டி லைட் அடிச்சு பார்க்கிற டாக்கோமீட்டர் கம்மி விலைக்கு கிடைக்கும், அதை வாங்கி இன்ஜின் முன்னாடி இருக்கிற பெல்ட் புல்லியில அளந்துக்கோங்க.

அடுத்து கியர் போடாம நியூட்ரல்ல, இன்ஜின் சூடான பிறகு திரோட்டிலை முழுசா தள்ளுங்க. 2600ஐ தாண்டி நல்லா மேல போச்சுன்னா கவர்னரும் (வேகத்தை கட்டுப்படுத்துற பாகம்) கேபிளும் ஓகே. அங்கயும் 2350லயே நின்னா கேபிள் பம்ப் லீவரை கடைசி ஸ்டாப் வரைக்கும் இழுக்கலைன்னு அர்த்தம், ஆனா அப்படி இருந்தா இவ்ளோ புகை வராது. உங்க கேஸ்ல காத்து பத்தலை, இல்லன்னா லோடு ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன்.

காத்து ஏன் பத்தாது, லோடு ஏன் ஜாஸ்தி ஆகும்? ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், டர்போல இருந்து இன்டேக் போற ஹோஸ் கிளாம்ப் லூசா இருந்து காத்து கசியலாம், டர்போ வீல்ல கரி ஏறியிருக்கலாம், போட் அடிப்பக்கம் பாசி, சிப்பி ஒட்டியிருக்கலாம். இதெல்லாம் சுத்தமா இருந்தும் 2600 வரலைன்னா ப்ரொப்பெல்லர். முன்னாடி வச்சிருந்தவர் பெரிய பிட்ச் (ப்ரொப் ஒரு சுத்துக்கு முன்னாடி தள்ளுற தூரம்) போட்டிருப்பார். பிட்ச்சை குறைச்சா ஆர்பிஎம் ஏறும், ப்ரொப்பெல்லர் கடையில அதே வீலை பிட்ச் மாத்திக் கொடுப்பாங்க, புதுசு வாங்க வேண்டியது இல்ல. நான் முழு வேகத்துல ஓட்டுறதே இல்லையே, எதுக்கு செலவுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. அது தப்பு. பெரிய ப்ரொப் மாட்டினா 1800லயும் இன்ஜின் அளவுக்கு மீறி தான் சுமக்குது, முழு திரோட்டில்ல தான் அது புகையா கண்ணுக்கு தெரியுது.

பருத்தித்துறையான்:

தம்பி, மேல சொன்ன ஆள் வடிவா விளங்கப்படுத்தியிருக்கிறார், அதை அப்பிடியே செய்யுங்கோ. நான் விண்டரைஸைப் பற்றிச் சொல்லுறன்.

பக்கத்து ஸ்லிப்காரர் சொன்னது அவருடைய எஞ்சினுக்குச் சரி. அது வாவித் தண்ணியையே நேரா புளொக்குக்குள்ள சுத்தவிடுற எஞ்சினா இருக்கும். உங்கட 6பிடிக்கு ரெண்டு தனித்தனிச் சுற்று. புளொக்குக்குள்ள சுத்துறது கார் மாதிரி கூலன்ட், தெர்மோஸ்டாட் கிடக்கிறது அந்தப் பக்கம். வாவித் தண்ணி பம்பால வந்து கியர் ஒயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாப் போய் எக்ஸோஸ்ற் எல்போவில விழுந்து மஃப்ளருக்குள்ளால வெளியில போகுது, அந்த வழியில தெர்மோஸ்டாட் இல்லை. அதால பிங்க் அன்ரிஃப்ரீஸ் போக எஞ்சின் சூடாகத் தேவையில்லை, ஸ்ராட் பண்ணின உடனேயே இழுக்கும்.

அப்ப புளொக்கைக் காப்பாத்துறது ஆர்? உள்ளுக்குக் கிடக்கிற கூலன்ட் தான். பாதிக்குப் பாதி கலவை எண்டா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். முந்திப் போட் வச்சிருந்தவர் குறையக் குறைய வெறும் தண்ணி விட்டு நிரப்பியிருந்தா இங்கத்தைக் குளிருக்கு புளொக் வெடிச்சிடும். ரிஃப்ராக்டோமீட்டரில (எந்தக் குளிர் வரைக்கும் தாங்கும் எண்டு காட்டுற சின்னக் கருவி) ஒரு துளி விட்டுப் பாருங்கோ, முதல் வேலை அதுதான்.

பிறகு ஒழுங்கு இப்பிடி. அந்த முழு திரொட்டில் ஓட்டம் ஓடி வந்து கட்டின கையோட, எஞ்சின் சூடா இருக்கேக்கையே டிப்ஸ்டிக் குழாயால பழைய ஒயிலை உறிஞ்சி எடுத்திட்டு புது 15டபிள்யூ-40ம் புது ஃபில்டரும் போடுங்கோ. பழைய ஒயிலில கரியும் அமிலமும் ஈரமும் இருக்கும், அதை அரைவருசம் பேரிங்கில ஊற விடக்கூடாது. கியர் ஒயிலையும் பாருங்கோ, பால் நிறத்தில இருந்தா கூலருக்குள்ளால தண்ணி போகுது எண்டு அர்த்தம், அதை வைச்சுக்கொண்டு குளிர்காலம் விடேலாது.

கரைக்கு வந்தாப் பிறகு சீகொக்கில (வாவித் தண்ணி உள்ள வாற இடத்தில கிடக்கிற வால்வ்) இருந்து ஹோஸைக் கழட்டி 20 லீற்றர் வாளிக்குள்ள விடுங்கோ, ஸ்ட்ரெய்னருக்குள்ள கிடக்கிற தண்ணியை ஊத்திப்போடுங்கோ. ஒராள் மேல எஞ்சின் கீயில, ஒராள் வாளியோட, ஒராள் பின்னால எக்ஸோஸ்றில நிக்கோணும். இந்தப் பம்ப் ஐடிலிலயே ஒரு வாளியை ஒரு நிமிசத்துக்குள்ள குடிச்சிடும், அதால அன்ரிஃப்ரீஸ் போத்தில் எல்லாத்தின்ர மூடியையும் முதலே திறந்து வையுங்கோ. பின்னால நிறம் வந்தவுடன நிப்பாட்டக் கூடாது, வாற தண்ணியை ஒரு கப்பில பிடிச்சு ரிஃப்ராக்டோமீட்டரில பாத்துத்தான் நிப்பாட்டோணும், ஏனெண்டா மஃப்ளருக்குள்ள நிறையத் தண்ணி நிக்கும், அதோட கலந்து மெல்லிசாப் போயிடும். மைனஸ் 50 எண்டு போட்டிருக்கிறது பாரன்ஹீட் கணக்கு, தண்ணி கலக்காத சரக்குக்கு மட்டும், அதுவும் குழாய் வெடிக்காது எண்டுதான் அர்த்தம், உறையாது எண்டில்லை. நான் மைனஸ் 100 தான் போடுறனான். புரொப்பிலீன் கிளைக்கோல் எண்டு லேபிளில பாத்து வாங்குங்கோ, அல்கஹோல் கலந்த மலிவுச் சாமான் ரப்பருக்குக் கூடாது.

அது முடிய இம்பெல்லரைக் (தண்ணிப் பம்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரம்) கழட்டுங்கோ. விட்டா இறகுகள் ஒரு பக்கம் மடிஞ்சபடியே நிண்டுபோகும். ஒரு இறகு உடைஞ்சு காணாமல் போயிருந்தா அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலதான் கிடக்கும், மூடியைத் திறந்து தேடி எடுக்கோணும். கீயில ஒரு அட்டை கட்டி "இம்பெல்லர் இல்லை" எண்டு எழுதித் தொங்கவிடுங்கோ.

வாவிக்கரை_அக்கா:

தம்பி, டீசலைப் பற்றி நான் சொல்லுறன். நாங்கள் ஒவ்வொரு வருசமும் ட்ரென்ட்டன்ல இருந்து ட்ரென்ட்-செவர்ன் கால்வாயால ஜோர்ஜியன் குடா பக்கம் போறனாங்கள், 386 கிலோமீற்றர், அந்தப் பயணத்தில ஃபில்டர் அடைபட்டு லொக்குக்கு (போட்டை ஏத்தி இறக்கிற கதவுத் தொட்டி) முன்னால எஞ்சின் நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

நான் நிரப்பி வைக்கிற கட்சி. விளிம்பு வரைக்கும் இல்லை, விரிய கொஞ்சம் இடம் விட்டு. காலி ராங்கியில சுவர் வேர்த்துத் தண்ணி சேரும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா உண்மையில கூடத் தண்ணி வாறது டெக்கில கிடக்கிற மூடியின்ர ஓ-ரிங் வெடிச்சுத்தான், அது சின்ன விலை, மாத்திவிடுங்கோ. ராங்கி அடியில தண்ணி நிண்டாத்தான் அந்தக் கறுப்புச் சளி மாதிரிப் பூஞ்சை வளரும், வாவியில அலை அடிக்கேக்க அது கலங்கி ஃபில்டருக்கு வந்திடும். ராக்கோர் எண்டுற டீசல் ஃபில்டரின்ர கண்ணாடிக் கோப்பையைத் திறந்து அடியில உள்ளதைக் கிளாஸ் போத்தில் ஒண்டில விட்டுப் பாருங்கோ, தண்ணி இருந்தா அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். பயோசைட்டை (பூஞ்சை கொல்லுற மருந்து) டீசல் நிரப்ப முதல் விடுங்கோ, அப்பதான் நல்லாக் கலக்கும். டீசலை சீசன் கடைசியில வாங்குங்கோ, அப்ப பம்புகளில குளிர்கால டீசல் வரத் தொடங்கியிருக்கும்.

குடிதண்ணிக் குழாய், சுடுதண்ணி ராங்கி, ஷவர் சம்ப், ரொய்லெட் எல்லாத்துக்கும் பிங்க் போகோணும், ஏசி பம்பை மறந்திடாதேங்கோ. பற்றரி முழுச் சார்ஜில இருந்தா இங்கத்தைக் குளிரைத் தாங்கும், இறங்கிக் கிடந்தா மைனஸ் 10லேயே உறையும். வாவி நல்லதண்ணி எண்டபடியால் ஷாஃப்டில சிங்க் அனோட் (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையிற துண்டு) வேலை செய்யாது, வெள்ளையாப் படிஞ்சு சும்மா இருக்கும், மக்னீசியம் போடுங்கோ.

ஸ்காபரோ_போட்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்றுப் போய்ப் பாத்தன், நியூட்ரலில 2600ஐத் தாண்டிப் போகுது. லைட் மீட்டரில பாத்தா லோடில 2400, டாஷ் மீட்டர் குறைச்சுத்தான் காட்டியிருக்கு. ஏர் ஃபில்டரைக் கழட்டினா ஒயிலும் தூசியுமாக் கட்டிப் போய்க் கிடக்கு, புதுசு ஓடர் பண்ணியிருக்கிறன். தூக்கின உடன அடிப்பக்கத்தையும் புரொப்பில குத்தியிருக்கிற நம்பரையும் பாக்கிறன். குளிருக்க வால்வ் கிளியரன்ஸும் பாக்கலாமோ?

தூத்துக்குடி_டீசல்:

தாராளமா, அது கரையில செய்யுற வேலை தான். இன்ஜின் ஆறியிருக்கணும். இன்டேக் 10 தௌ, எக்ஸாஸ்ட் 20 தௌ (தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு). டைமிங் பின் உள்ள விழுற இடம் தான் 1ஆம் சிலிண்டர் டிடிசி (பிஸ்டன் உச்சில இருக்கிற நிலை), 1ல ரெண்டு ராக்கரும் (வால்வை அமுக்குற கை) லூசா இருக்கான்னு பார்த்துக்கோங்க. அந்த நிலைல 1ல ரெண்டும், 2 இன்டேக், 3 எக்ஸாஸ்ட், 4 இன்டேக், 5 எக்ஸாஸ்ட். அப்புறம் பின்னை வெளிய இழுத்துட்டு ஒரு முழு சுத்து சுத்தி மிச்ச ஆறும். பின்னை இழுக்காம சுத்துனா உடைஞ்சு கியர் கேஸுக்குள்ள விழும், அதுல மட்டும் அவசரப்படாதீங்க.

வசந்தத்துல ஃபில்டர் மாத்தினதும் ஏர் எடுக்கணும். ஃபில்டர் ஹெட்ல இருக்கிற ப்ளீட் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, லிஃப்ட் பம்ப் மேல இருக்கிற பட்டனை கையால அமுக்கிட்டே இருங்க, நுரை நின்னு டீசல் மட்டும் வர்ற வரைக்கும்.

பருத்தித்துறையான்:

ஏர் எடுத்துக்கொண்டு ஸ்ராட் பண்ணிப் பாக்கிற நேரம் போட் தண்ணியில நிண்டா சீகொக்கைப் பூட்டி வையுங்கோ தம்பி. எஞ்சின் பிடிக்காமல் சும்மா சுத்திக்கொண்டே இருந்தா பம்ப் தண்ணியை மஃப்ளருக்குள்ள தள்ளிக்கொண்டே இருக்கும், தள்ளி வெளியேத்த எக்ஸோஸ்ற் காத்து இல்லை, நிரம்பி எக்ஸோஸ்ற் வழியா சிலிண்டருக்குள்ள திரும்பிடும். பிடிச்ச அடுத்த செக்கனே திறக்கோணும், அதுக்கு ஒராளை சீகொக்குக்குப் பக்கத்தில இருத்துங்கோ. நான் பிக்கரிங்கில தான் இருக்கிறன், இறக்கிற நாளைச் சொன்னா வந்து நிக்கிறன்.