முதல் வின்ரரிலேயே ஸ்னோஷூ போட்டு நடக்கலாம்: ஆரோஹெட் பூங்கா, ஸ்டப்ஸ் நீர்வீழ்ச்சி

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர், குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டாம். ஹன்ட்ஸ்விலுக்கு வடக்கே உள்ள ஆரோஹெட் மாகாணப் பூங்காவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஸ்னோவில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்தின் கீழே கட்டும் அகலமான சட்டம்தான் ஸ்னோஷூ; அது அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஸ்டப்ஸ் நீர்வீழ்ச்சிப் பாதை சுமார் 2 கிலோமீட்டர்தான். பெரிய ஏற்றம் கிடையாது, பிள்ளைகளும் நடப்பார்கள்.

ஸ்னோஷூவில் சப்பாத்தின் முன்பக்கத்தைத்தான் இறுக்கிக் கட்டுவோம், குதி எழும்பி எழும்பி இறங்கும். கால்களைச் சற்று அகட்டி வைத்தால் ஒன்றை மற்றது மிதிக்காது. பின்பக்கமாக மட்டும் நடக்காதீர்கள்; வால்பகுதி ஸ்னோவுக்குள் குத்தி விழுத்திவிடும். திரும்ப வேண்டுமென்றால் அரைவட்டம் போட்டுத் திரும்புங்கள். பனிச்சறுக்குக்காரருக்கு மெஷினால் சீராக்கிய பாதைகளில் ஏறவே கூடாது.

உடுப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். பருத்தி ரீசேர்ட், ஜீன்ஸ், மேலே பெரிய ஜக்கெற் என்று போவார்கள். பத்து நிமிடத்தில் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. நீர்வீழ்ச்சியடியில் நின்று படம் எடுக்கும்போது முதுகு சில்லிட்டு நடுக்கம் பிடிக்கும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவே பிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி உடுப்பு, வெளியே காற்றுப் புகாத ஜக்கெற். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் சரி. வியர்க்கும் முன்பே ஸிப்பைத் திறந்துவிடுங்கள். சொக்ஸ் இரண்டு சோடி வேண்டாம், சப்பாத்து இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் விறைக்கும். தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி போதும். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கட்டாயம்!

உயரத்திலிருந்து கொட்டும் அருவியை எதிர்பார்க்காதீர்கள். லிட்டில் ஈஸ்ட் ஆறு பாறைச் சரிவில் வழிந்து இறங்கும் இடம் இது. ஓரமெல்லாம் பனிக்கட்டி தடித்திருக்க, நடுவே தண்ணீர் கருகருவென்று ஓடும். எனக்கு அது கோடையில் பார்ப்பதைவிட வடிவு. ஆனால் படத்துக்காக ஓரக் கட்டியில் கால் வைக்காதீர்கள். மேலே ஸ்னோ மூடிக் கெட்டியாகத் தெரியும். கீழே தண்ணீர் ஓடுவதால் கட்டி மெல்லியதாக இருக்கும். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

அப்புறம், வாகன அனுமதியை இணையத்தில் 5 நாள் முன்னரே பதியலாம். காட்டுக்குள் 1.3 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பாதையும் இருப்பதால் சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். வாரநாளில் லீவு கிடைத்தால் நல்லது. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -28க்குக் கீழே என்றால் வேறு நாள் பாருங்கள். திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும்.

ஸ்காபரோவிலிருந்து நெடுஞ்சாலை 400, பிறகு 11 என்று இரண்டரை மணிநேர ஓட்டம், ஸ்னோ கொட்டினால் இன்னும் கூடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் விடியவே புறப்படுங்கள். கியூபெக்கைப் போல ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயமில்லை. அதற்காக அது இல்லாத காரில் இந்த வீதிக்கு வராதீர்கள். ரயர் போட்ட நண்பரின் காரில் இடம் கேளுங்கள்.