பறக்கும் டாக்சி பற்றி ஒரு கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். செங்குத்தாக எழும்பும் மின்சார விமானங்கள் நகரப் பொதுப் போக்குவரத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். துபாயை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே சாலைப் போக்குவரத்து ஆணையம் 2024 பிப்ரவரியில் இத்தகைய பறக்கும் டாக்சிகளைத் தயாரிக்கும் அமெரிக்காவின் ஜோபி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. விமான நிலையத்திலிருந்து பாம் ஜுமேரா என்ற செயற்கைத் தீவுக்குக் காரில் முக்கால் மணி நேரம் பிடிக்கும் வழியைப் பத்து நிமிடத்தில் கடக்கலாம் என்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேகமல்ல, எண்ணிக்கை. அந்த விமானத்தில் விமானியைத் தவிர நான்கு பேர்தான் அமரலாம். ஒரு தளத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினாலும் மணிக்கு 48 பேர். ஒரே ஒரு நகரப் பேருந்தில் போகிற கூட்டம் அது! நோயாளிகளையும் தானமாகக் கிடைத்த உறுப்புகளையும் கொண்டுசெல்ல இது வரமாக அமையும் என்று மனமார நம்புகிறேன். தினசரிப் பயணிகளுக்கு?

ஐந்து நிமிடம் என்பது என் ஊகம். ஹெலிகாப்டர் தளங்களிலோ வான்வழிக் கட்டுப்பாட்டிலோ பணிபுரிபவர்கள் இருந்தால், இறங்கி, ஆள் ஏற்றி, மீண்டும் எழும்ப உண்மையில் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லுங்கள். நாள் முழுவதும் விரைவாக மின்னேற்றினால் பேட்டரியின் ஆயுள் எவ்வளவு குறையும் என்பதையும் துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்று. துபாய்வாழ் நண்பர்களே, விமான நிலையத்தருகே அமையும் தளத்துக்கு மெட்ரோவிலிருந்து இறங்கி நடந்தே போக முடியுமா? வெயிலையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.