எக்ஸ் கதிர்ப் பின்னொளியில் தெரியும் கோடு மெய்யா, தோற்றமா?

வளவுவாசி, காரைக்குடி:
முதுநிலை இயற்பியல் ஆய்வேட்டுக்காக, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவுசெய்த காமா கதிர் வெடிப்புகளின் (தொலைதூர விண்வெளியில் சட்டென்று பளிச்சிடுபவை) எக்ஸ் கதிர்த் தரவை லெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுத்தேன். வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியான பின்னொளிகள் பலவும் ஒரே வழியில் போகின்றன: முதலில் செங்குத்துச் சரிவு, பிறகு ஒளி அதிகம் குறையாத ஒரு மேடை, அதன்பின் மறுபடி சரிவு. மேடை முடியும் நேரத்தையும் அப்போதைய ஒளிர்திறனையும் மடக்கை அச்சுகளில் குறித்தால் ஏறக்குறைய −1 சாய்வில் கோடு விழுகிறது. மங்கலானவை கருவிக்குத் தெரியாததால் வந்த தோற்றம் இது என்று வழிகாட்டி ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதானா?

பழைய வாத்தியார், தேவகோட்டை:
தம்பி, அவர் சொல்வதில் பாதி நியாயம். கோடு கிடக்கட்டும், காலியான மூலைகளைப் பார். இடது கீழ் மூலையில் புள்ளி இல்லாததற்குக் கருவியைக் குறை சொல்லலாம். மங்கலான, குறுகிய மேடை அந்த முதல் சரிவுக்கு அடியிலேயே மறைந்துபோகும். வலது மேல் மூலைக்கு என்ன சாக்கு? பிரகாசமாக நெடுநேரம் நின்றால் எந்தக் கருவியும் தவறவிடாது. அங்கே ஆளே இல்லை என்றால் அது இயற்கையின் கணக்கு.

வானியற்பியலாளர் மரியா டைனோட்டி குழுவினர் 2008இல் சொன்ன தொடர்பு இதுதான். மங்கலானவை விடுபடுவதால் வரும் தெரிவுப் பிழையைக் களைய எஃப்ரான், பெட்ரோசியான் வகுத்த முறையைக் கையாண்டு 2013இல் மறுபடி சோதித்தார்கள், கோடு நின்றது. காந்தப்புலம் மிகுந்த நியூட்ரான் விண்மீன் ஒன்று சுழற்சி குறைந்து ஆற்றலைக் கொட்டுகிறது என்று கொண்டால் பொருந்தும். மில்லி வினாடிக்கு ஒரு சுற்று சுற்றுவதிடம் இருப்பதே 10⁵² எர்க் (ஆற்றலின் அலகு) அளவுதான். கையிலிருக்கும் கையிருப்பு அவ்வளவுதான். வாரி இறைத்தால் சீக்கிரம் தீரும். ஒளிர்திறனை நேரத்தால் பெருக்கினால் மாறாமல் வருவது அதனால்தான். இது ஒரு விளக்கம். கருந்துளையில் விழும் பொருளை வைத்தும் விளக்குகிறார்கள். எனக்கு முன்னதுதான் பிடிக்கிறது.

கானாடுகாத்தான் கணக்கர்:
வாத்தியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்தது என்ற அளவு) இரண்டு அச்சிலும் புகுந்திருக்கிறது. ஒளிர்திறனுக்குத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்குகிறீர்கள். நேரத்தை ஒன்றுடன் செம்பெயர்ச்சியைக் கூட்டி வகுக்கிறீர்கள். தொலைவில் இருப்பது தானாகவே மேலேயும் இடப்பக்கமும் நகரும். செம்பெயர்ச்சிகளை மட்டும் வெடிப்புகளுக்கிடையே குலுக்கிப் போட்டுப் பலமுறை கோடு வரைந்து பாருங்கள். குலுக்கிய தரவிலும் அதே இறுக்கம் வந்தால் வழிகாட்டி சொன்னதே சரி. இடையில் திடீரென எகிறும் சுடர்களை, தரவில் வளைகோடு பொருத்துவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். மேடையின் முடிவை இழுத்துவிடும்.

வளவுவாசி:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. இரண்டு வினாடிக்குள் முடியும் குறு வெடிப்புகளையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். இருக்கலாமா?

பழைய வாத்தியார்:
கூடாது. அவை பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்கள் மோதிப் பிறப்பவை, இரண்டு வினாடிக்கு மேல் நீள்பவை பெரும்பாலும் பெருவிண்மீன் குலைந்து வருபவை. வேறு நிறத்தில் குறித்து, தனியாகக் கோடு போடு. குலுக்கிய படத்தையும் இங்கே ஏற்று, பார்க்க வேண்டும்.