கடைக்குப் போகாத மூன்று நாள் விடுமுறை: உங்கள் அனுபவம் என்ன?

மிதிவண்டிக்காரன்:

மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். முதல் நாள் கடை. இரண்டாம் நாள், முதல் நாள் வாங்கியதை மாற்ற மறுபடி கடை. மூன்றாம் நாள் தலைவலி. இந்த முறை அலமாரியைத் திறந்து பார்த்த மனைவி, "இனி ஒரு கைக்குட்டை வாங்கினாலும் நம்மில் ஒருவர் வெளியே போகவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாள். சரி, எல்லாருமே போவோம் என்று முடிவாயிற்று. முதல் நாள் சைக்கிள், இரண்டாம் நாள் மலை, மூன்றாம் நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது.

இரண்டு வருடமாகத் தொடாத சைக்கிள்கள். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலி எடுத்தது. வயசு ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மைத்துனன் பின்னால் வந்துகொண்டிருந்தவன், "அத்தான், சீட்டை இவ்வளவு தாழ்வா வச்சா வலிக்காம என்ன செய்யும்?" என்றான். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டுமாம். அப்படி இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். நாலு விரல் உயர்த்தினோம். வலி பாதியாகக் குறைந்தது.

அப்புறம் மகனின் பின்சக்கரம் பஞ்சர். டியூபை உருவி, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை பொறுத்திருந்து ஒட்டுப் போட்டேன். பையன் முன்னால் ரொம்பப் பெருமையாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை, மறுபடி உஸ்ஸ். இந்தத் தடவைதான் டயரின் உட்புறம் விரலை ஓட்டிப் பார்த்தேன். முள் அங்கேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே மட்டும் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கியதைப் பையன் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

மலைதான் பெரிய பாடம். வரைபடத்தில் உச்சிக்கு 9 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர். தினமும் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் நான். இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனது நாலரை மணி நேரம். வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே இதற்கு ஒரு கணக்கு சொல்லி வைத்திருப்பது தெரிந்தது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒன்று, 600 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. அதன்படி எங்கள் பாதைக்கு மூன்று மணி நேரம். அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர்கள் எங்கும் உட்காராமல் நடந்தால். நாங்களோ ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்தோம்.

உச்சியில் குளிரும் சேர்ந்துகொண்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்ததுதான். வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றபோதுதான் அது உறைத்தது. கடைசி அரை மணி நேரம் போன் வெளிச்சத்தில் இறங்கினோம். நாலு பேருக்கு ஒரு டார்ச் கூட இல்லை. இதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் ஒரு பழைய கோபுரத்தைப் பார்க்கப் போனோம். படி ஏறுவதில் சிரமமே இல்லை. இறங்கும்போதுதான் தொடை இரண்டும் கெஞ்சின. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஒரு பாட்டி "கொஞ்சம் வழி விடு தம்பி" என்று என்னைத் தாண்டிப் போனார்.

பழைய ஷூ:

அந்தத் தொடைவலி முந்தின நாள் மலை ஏறியதால் வந்ததில்லை, மலையிலிருந்து இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. வலி உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து கால்விரல் நகம் கறுத்துவிடும்.

என் கதை வேறு மாதிரி. ஷாப்பிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, மலையேறத் தேவை என்று ஷூ, பை, தொப்பி, மடக்குக் கோல் என இரண்டு நாள் கடை கடையாக அலைந்தேன். சிரிக்காதீர்கள். அந்தப் புது ஷூவைப் பழக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு போனேன். முதல் மணி நேரத்திலேயே குதிகாலில் சூடு தெரிந்தது. அப்போதே நின்று டேப் ஒட்டியிருந்தால் தப்பியிருப்பேன். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடந்தேன், கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. மடக்குக் கோல் மட்டும் இன்றுவரை பிரிக்காமல் இருக்கிறது.

பாதிவழி:

உங்களைப் போல உச்சிக்கெல்லாம் நான் போகவில்லை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடைக்குக் கூட்டிப்போனால் வாசலில் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுவார். இந்த விடுமுறைக்கு அவரோடு ஓர் ஓடைக்கரைப் பாதையில் நடந்தேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும், அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே தாழ்ந்த கிளையில் ஒரு மீன்கொத்தி. பாயும், திரும்ப அதே கிளைக்கே வரும். மீன் கிடைத்தால் உடனே விழுங்காது, கிளையில் டப் டப்பென்று அடித்துவிட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அப்பா விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். பதினோரு பாய்ச்சல், மூன்று மீன். வெயில் ஏறுகிறதே, கிளம்பலாமா என்று கேட்டேன்.

"இரு, நாலாவது பிடிக்கட்டும்" என்றார்.