வெந்த வாய்க்கு மருந்துத் தண்ணீர்: எங்கள் வீடுகளில் நடந்தது

காரைக்குடியிலிருந்து:

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மதுரையில் கதிர்வீச்சு 30 தடவை. வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு வாரம் போய்வந்தோம். இரண்டு மூன்று வாரத்தில் வாய் வெந்துவிடும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே ஆயிற்று. முதலில் உதட்டுக்கு உள்ளே சிவந்தது. அப்புறம் நாக்கோரம் முழுக்கப் புண். தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்த இடியாப்பம்கூட இறங்கவில்லை. மிளகும் வரமிளகாயும் இல்லாமல் ஒரு நாள் சாப்பிட்டிராத மனிதர், தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டாலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன். கடைக்குப் போய் மௌத்வாஷ் என்று கேட்டேன். பச்சை நிறத்தில், புதினா வாசத்தோடு ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஒரு வாய் ஊற்றியதும் அப்பச்சி துடித்துப் போய்விட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு லேபிளைப் பார்த்தால் பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று இருந்தது. அது வாய் நாற்றத்துக்கு வாங்குகிற சரக்கு, புண்ணுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மௌத்வாஷ் என்று ஒரே பெயர் இருப்பதுதான் கெடுதல்.

மறுநாள் டாக்டர் பென்சிடமைன் என்ற கொப்பளிக்கும் மருந்தை எழுதிக் கொடுத்தார், 0.15 சதவீதம். வலியையும் அழற்சியையும் குறைக்கும், கொஞ்சம் மரக்கவும் செய்யும். ஒரு தடவைக்கு 15 மில்லி. அரை நிமிடம் வாயில் வைத்துச் சுழற்றித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. எரிந்தால் அதே அளவு தண்ணீர் கலக்கலாம் என்றார். நாங்கள் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் கலந்துதான் கொடுத்தோம்.

துப்புவதற்கு வாகாக இருக்குமே என்று ஐயா காலத்துப் பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தேன். அப்பச்சி அதைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருஷம் அவர் வெற்றிலையும் புகையிலையும் போட்டுத் துப்பிய படிக்கம் அது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தேன்.

நேரம்தான் முக்கியம் என்று போகப் போகப் புரிந்தது. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் கொப்பளித்தால் ஒரு கிண்ணம் உள்ளே போகிறது. சாப்பிட்ட பிறகு கொடுத்துப் பயனில்லை, அவர்தான் சாப்பிடவே இல்லையே! ஆனால் வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். மிளகாய் கிள்ளாமல் மணத்தக்காளிக் கீரை மண்டி வைத்து, அரிசி கழுவிய தண்ணீரும் தேங்காய்ப்பாலுமாக ஆறவைத்துக் கொடுத்தேன். அதை ஐந்து நிமிடம் ஒவ்வொரு ஸ்பூனாகக் குடித்தார். இன்னும் இருக்கா என்று கேட்டார்.

இடையிடையே வாய் கழுவ, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. செலவே இல்லை, எரியவும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, நீங்கள் சொன்னது போல பெயர் ஒன்று, மருந்து வேறு. எனக்கு ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. பல் டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி கொல்லும் மௌத்வாஷ், 0.2 சதவீதம், கொடுத்தார். காலை, இரவு 10 மில்லி, ஒரு நிமிடம். இரண்டு வாரம் போதும் என்று சீட்டில் எழுதியிருந்தார். வலி விட்டுப்போன தெம்பில் நானே இன்னொரு பாட்டில் வாங்கி ஐந்து வாரம் ஓட்டினேன். பல்லெல்லாம் பழுப்பேறிவிட்டது. காப்பி, டீ குடிக்கிறவர்களுக்குக் கறை இன்னும் அதிகம் பிடிக்குமாம். அது போகட்டும், சுத்தம் செய்தால் போய்விடும்.

நான் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவன். ஒரு சாந்திக் கல்யாணத்தில் குழம்பை நாக்கில் விட்டுப் பார்க்கிறேன், உப்பே தெரியவில்லை. இன்னும் ஒரு கை அள்ளினேன். கூட இருந்த பையன் கையைப் பிடித்து நிறுத்தினான். இந்த மருந்து உப்பு ருசியை மங்கவைக்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். நிறுத்திய பிறகு ருசி திரும்பிவிட்டது.

இன்னொன்று, பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு இதைக் கொப்பளிக்காதீர்கள். பேஸ்டில் நுரைக்காகச் சேர்ப்பது மருந்தை வேலை செய்யவிடாது. அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

என் மாமியாருக்கு மூட்டுவாதம். மெதோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். நான் ஊருக்குப் போயிருந்த சமயம் தினமும் போட்டுக்கொண்டார்கள். வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. நாங்கள் சூடு என்று நினைத்து, மருந்துத் தண்ணீர் வாங்கி நாலு நாள் கொப்பளிக்க வைத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ரத்த அணுக்கள் குறைந்திருப்பதாகச் சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்தது பெரிய விஷயம். இப்போது அந்த மாத்திரை என் பீரோவில். திங்கட்கிழமை நானே எடுத்துக் கொடுக்கிறேன். திடீரென்று வாய் முழுக்கப் புண் வந்தால், கொப்பளிக்கும் முன்னால் வீட்டில் என்ன மாத்திரை ஓடுகிறது என்று பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதையும் சொல்லத் தோன்றியது. அப்பச்சிக்கு முதன்முதலில் கன்னத்தில் வந்த புண் வலிக்கவே இல்லை. வலிக்காததால் மூன்று மாதம் கொப்பளித்துக்கொண்டும் ஜெல் தடவிக்கொண்டும் இருந்தோம். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் டாக்டர் பார்த்தாக வேண்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தேவகோட்டை அண்ணனுக்கு இன்னொன்று சொல்கிறேன்: கதிர்வீச்சின் ஐந்தாவது வாரம் அப்பச்சியின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை படிந்தது. அது காளான் தொற்று என்று தனி மருந்து கொடுத்தார்கள். பென்சிடமைன் அதை ஆற்றாது.

கதிர்வீச்சு முடிந்து நாலு வாரம் கழித்துப் புண் ஆறியது. எச்சில் இன்னும் சரியாக ஊறவில்லை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் உட்கார மாட்டார். போன வெள்ளிக்கிழமை வெள்ளைப் பணியாரம் கேட்டார். காரச் சட்னி வேண்டாம், பாலில் ஊறப்போடு என்றார். மூன்று சாப்பிட்டார்.