இன்னொரு ரோந்து ஜீப் வந்தால் பைக் திருட்டு குறையுமா?

கேள்வி:
எங்கள் நகர் திருச்சி புறநகரில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் மூன்று பைக் திருடு போய்விட்டன. ராத்திரி ரோந்து ஜீப் வருகிறது, ஆனால் சுழல் விளக்கோடு மெயின் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். இன்னொரு ஜீப் கேட்டு நலச்சங்கம் சார்பில் மனு கொடுக்கலாமா?

பதில் (ஓய்வு பெற்ற ஏட்டு):
ஜீப் கேட்காதீர்கள். இறங்கி நடக்கிற ஆளைக் கேளுங்கள்.

நான் சைக்கிளில் பீட், அதாவது எனக்கென்று ஒதுக்கிய ரோந்துப் பகுதி, பார்த்தவன். தெருமுனையில் ரோந்து வந்ததைப் பதியும் பட்டா புத்தகம் தொங்கும். கையெழுத்துப் போட இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் நாலு பேரிடம் பேச்சு வரும். கடை அடைக்கிற டீக்காரர், ஏ.டி.எம். வாட்ச்மேன், பால் வண்டிக்காரர் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஒருநாள் விடிகாலை பால்காரர்தான் சொன்னார்: "ஏட்டய்யா, நம்பர் பிளேட் இல்லாத வண்டியில ரெண்டு பேர் மூணு நாளா கோயில் பின்னாடி நிக்கிறாங்க." அன்றைக்கே பிடித்தோம். ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தால் அந்தச் சேதி என் காதுக்கு வந்திருக்காது.

பதில் (குற்றவியல் மாணவி):
ஏட்டய்யா சொல்வதை ஒட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73இல் 15 பீட்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் ரோந்து வண்டியே சுற்றவில்லை, அழைத்தால் மட்டும் போனார்கள். ஐந்தில் வழக்கம்போல், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் திருட்டில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதற்காக நடை ரோந்து வந்தாலே திருட்டு நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே நாட்டின் நியூவார்க்கில் நடை ரோந்து விட்டுப் பார்த்தபோது மக்களின் பயம் குறைந்தது, குற்றம் குறையவில்லை. அங்கேயே மினியாபொலிஸ் நகரில் 1988-89இல் அடிக்கடி பிரச்சினை வரும் இடங்களில் மட்டும் போலீஸை நிறுத்தியபோது பலன் தெரிந்தது. அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடித்ததாம்.

பதில் (ஏட்டு):
நல்லது தாயி. எங்கே நிற்பது என்பதுதான் விஷயம். சரி, கேள்வி கேட்ட தம்பி, மூன்று பைக்குக்கும் எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?

கேட்டவர்:
ஒன்றுக்குத்தான் ஐயா. மற்ற இரண்டுக்கும் வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பதில் (ஏட்டு):
அப்போது ஸ்டேஷன் கணக்கில் உங்கள் நகரில் ஒரே ஒரு திருட்டுதான். எந்த இன்ஸ்பெக்டர் அங்கே ஆள் போடுவார்? பைக் திருட்டுக்கு வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மனுவில் ஜீப்பைப் பற்றி எழுத வேண்டாம். எந்த வண்டி, எந்த வாசல், எத்தனை மணிக்குள் போனது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த நேரத்தில் அங்கே ஒருவர் இறங்கி நிற்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்டவர்:
எழுதிப் பார்த்தபோதுதான் தெரிகிறது ஐயா, மூன்றுமே விளக்கு எரியாத அதே கிழக்குத் தெருவில்தான்.